யூனுஸ் பாயும் எழுபது மூட்டையும்

துணியைக் கையில் கொடுத்தால் யூனுஸ் பாய் அதைப் பார்ப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெதுவாகத் தேய்ப்பார். பிறகு ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி நெருப்புக் குச்சியில் காட்டி, எரிகிற வாசனையை முகர்வார். சாம்பலை உள்ளங்கையில் பொடித்துப் பார்ப்பார். இவ்வளவும் முடிந்த பிறகுதான் கண்ணைத் திறந்து, துணி கொண்டு வந்தவனின் முகத்தைப் பார்ப்பார்.

"பருத்திங்கிறே. பாதிதான் பருத்தி. மீதிய எங்கே ஒளிச்சு வச்சிருக்கே?" என்பார்.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் போகிற சாலையோரம், நாலு முழப் பலகை ஒன்றில் இந்த வியாபாரம் நடக்கிறது. பழைய வேட்டி, மாவு மூட்டைத் துணியில் தைத்த சட்டை, பாதி தைத்து நின்றுபோன கைலிகள். ஐம்பத்திரண்டு வயது. ஒல்லி உடம்பு, இடுப்பில் பச்சை வார், எந்தப் பஞ்சத்திலும் கஞ்சி போட்டு விறைத்து நிற்கும் வெள்ளைத் தொப்பி. யுத்தத்துக்கு முன் இதே சாலையில் சொந்தக் கடை வைத்திருந்தவர். நாற்பத்திரண்டு ஜனவரியில், வெள்ளைக்காரன் போய் ஜப்பான்காரன் வந்து சேர்வதற்குள் கிடைத்த அவகாசத்தில், அந்தக் கடையை யாரோ கதவு நிலையோடு பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சந்தேகப்படுவது அவருக்குத் துணியோடு நிற்பதில்லை. தேங்காய் வாங்கினால் இரண்டு காதிலும் வைத்து ஆட்டுவார். டாக்டர் மருந்து கொடுத்தால், "நீங்க சாப்பிட்டுப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்பார். நான் ஸ்டேஷனில் பதினாறு வருஷமாக டிக்கெட் கொடுக்கிறவன். என் கையால் வாங்கிய டிக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு என்னையும் ஒரு தரம் பார்த்த மனிதர் இவர் ஒருவர்தான். எனக்குக் கோபம் வந்தது. அன்று அந்த டிக்கெட்டில் தேதி தவறாகத்தான் இருந்தது.

அவரும் நானும் பங்குதாரர்கள். கேட்க எவ்வளவு பெரிய வார்த்தை! முப்பத்தேழில் பிரிக்பீல்ட்ஸ்காரர்கள் இருபது பேர் சேர்ந்து, சுங்கை வே என்ற ஊரில் ஒரு சின்ன ஈயக் கம்பெனி தொடங்கினோம். மங்கள விலாஸ் ஈயக் கம்பெனி என்று பெயர். ரயில்வே குமாஸ்தாக்கள், ஒர்க்‌ஷாப் பிட்டர்கள், இரண்டு மூன்று கடைக்காரர்கள். எனக்கு ஐந்து பங்கு. யூனுஸ் பாய்க்கு ஐம்பது. மேனேஜர் பழனியப்பனும் எங்களில் ஒருவர்தான். ஈய வேலை தெரிந்த ஒரே ஆள் என்பதால் அவரைச் சுரங்கத்திலேயே குடிவைத்தோம்.

யுத்தம் வந்தது. பம்ப்பு ஓட எண்ணெய் இல்லை. நாங்கள் லம்பம் என்று சொல்கிற அந்த வெட்டுக்குழியில் மழைத் தண்ணீர் ஏறி, அது பெரிய குளமாகிவிட்டது. கழுவி மூட்டை கட்டி வைத்திருந்த ஈய மணல் எழுபது மூட்டை மட்டும் மிச்சம். கொட்டகைக்குப் பின்னால் பலகைச் சுவர் எழுப்பிப் பழனியப்பன் அதை ஒளித்து வைத்திருந்தார். அது இருக்கிறது, யுத்தம் முடிந்ததும் விற்றுப் பிழைத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பில்தான் நாங்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று காலம் தள்ளினோம். கடையைப் பறிகொடுத்த யூனுஸ் பாய்க்கு உலகத்தில் அதைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

ஆனால் மேனேஜரின் பேச்சில் ஏதோ பிசகியது. சுரங்கம் ஓடுகிறது என்று ஜப்பான்காரர்களின் சுரங்க ஆபீசில் எழுதிக் கொடுத்திருந்தார். இருபத்தாறு கூலிகளின் பெயரில் ரேஷன் வாங்கினார். கொட்டகையைக் காட்டச் சொன்னால் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டார். எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான்.

"இருக்குங்க. எழுபதும் பத்திரமா இருக்குங்க. சண்ட முடியட்டும்."

மாதம் ஒரு தரம் கன்னையா வீட்டில் கூடுவோம். கன்னையா ஒர்க்‌ஷாப் பிட்டர். பேச்சும் சுத்தியல் அடிதான். வறுத்த சோளத்தில் போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டு மேனேஜரை ஆளுக்கொரு பக்கம் பிய்த்து எடுப்போம்.

"தண்ணி நிக்கிற லம்பத்துல இருபத்தாறு பேரு என்னத்த வெட்டுறானுங்க?" என்று யூனுஸ் பாய்தான் முதலில் கேட்டார்.

"ஆளே கிடையாதுலா பாய். வெறும் பேரு. ரேஷன் அரிசி பூரா அந்தாளு பானைக்குத்தான் போவுது" என்றார் கன்னையா.

அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. நாற்பத்து மூன்று ஆகஸ்டில் ஒரு மனு எழுதினோம். சுரங்கம் ஓடவில்லை, கூலிகளின் பெயர்கள் பொய், இந்த மேனேஜரை நீக்கிக் கன்னையாவைப் போட வேண்டும் என்று ஜப்பான்காரர்களின் ஆபீசுக்கு. வாசகம் யூனுஸ் பாயுடையது. பத்தொன்பது பேர் கையெழுத்துப் போட்டோம்; என் கையெழுத்து மூன்றாவது. மனுவை மடித்து இடுப்பு வாரில் செருகிக்கொண்ட பாய், உடனே கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

"கண்ணால பாக்காம நான் எதையும் குடுக்குறதும் இல்ல, வாங்குறதும் இல்ல. ஒரு நட போயிட்டு வரேன்" என்றார். டயருக்குப் பதில் தண்ணீர்க் குழாய் ரப்பரைச் சுற்றிய சைக்கிளில் ஒன்பது மைல் மிதித்து, சுங்கை வேக்குப் போனார்.

அங்கே நடந்ததை ஜப்பான்காரன் போன பிறகு, போன மாதம், பழனியப்பனே என்னிடம் சொன்னார்.

கொட்டகையைத் திறக்காமல் நகர மாட்டேன் என்று பாய் வாசலில் உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் பழனியப்பன் பலகையை அகற்றினார். எழுபது மூட்டையும் இருந்தன. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு திரும்பியிருப்பார்கள். பாய் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு மூட்டையின் வாயையும் தடவிக்கொண்டே போனார். யுத்தத்துக்கு முன் மூட்டைகளைச் சணல் கயிற்றில்தான் தைப்போம். யுத்தம் வந்த பிறகு சணல் ஏது? அன்னாசி இலையிலிருந்து நார் உரித்து முறுக்கிய நூலைத்தான் எல்லோரும் பயன்படுத்தினோம். அதை விற்றவர்களில் பாயும் ஒருவர். முப்பது மூட்டையின் வாயில் விரல் நின்றது.

"மேனேஜர், இதெல்லாம் சண்டைக்கு முன்ன தைச்சதுன்னீங்க. சண்டைக்கு முன்ன அன்னாசி நூல் எங்கேருந்து வந்துச்சு?"

ஒன்றைப் பிரித்தார்கள். உள்ளே குளத்து மணல்.

பழனியப்பன் வாயைத் திறப்பதற்குள் தூரத்தில் லோரிச் சத்தம் கேட்டது. கரையில் கிழங்குக் கொத்துக்களுக்கு நடுவே குனிந்திருந்த ஆட்கள் மண்வெட்டியும் கையுமாக ஓடி வந்தார்கள். வெறும் பெயர்கள் என்று நாங்கள் சொன்ன அந்த இருபத்தாறு பேரும் ஓடி வந்தார்கள். குளத்து ஓரத்தில் சேற்றை அள்ளிக் கை, கால், நெஞ்சு, முகம் எல்லாம் பூசிக்கொண்டு, ஈயம் கழுவும் மரச் சரிவில் ஏறி நின்று, காய்ந்த கல்லை மண்வெட்டியால் புரட்டத் தொடங்கினார்கள். லோரி வந்தது. ஒரு சிப்பாய், ஒரு மலாய்க் குமாஸ்தா. அந்த மாதத்து விளைச்சல் என்று பழனியப்பன் இரண்டு மூட்டை நல்ல ஈயத்தை ஏற்றினார். குமாஸ்தா இருபத்தாறு வேலைச் சீட்டுகளிலும் முத்திரை குத்தினார். இவர் யார் என்று கேட்டதற்கு, சாக்கு விற்கிறவர் என்று பழனியப்பன் பதில் சொன்னார்.

லோரி போனதும் ஆட்கள் குளத்தில் இறங்கிச் சேற்றைக் கழுவிக்கொண்டு, மறுபடி கிழங்குக்குப் போனார்கள்.

அந்த ஆட்களுக்குச் சமைத்துப் போடும் நல்லம்மாள் பாய்க்கு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பங்குக்காரர் என்பதால் அவளுக்கு அவர் தவுக்கே, அதாவது முதலாளி.

"என் தம்பிய மேரு ஊருப் பக்கம் ரப்பர்த் தோட்டத்துல லோரில ஏத்திட்டாங்க, தவுக்கே. சயாம்ல ரயில் ரோடு போடுற வேல, மூணு மாசம்னாங்க. இது அஞ்சாவது மாசம். ஒருத்தரும் திரும்பல. எம்புருசன் கையில இந்தச் சீட்டு இருக்கு. அதான் இங்க நிக்கிறாரு."

ஆட்களுக்கு ரேஷன் கிடைக்கட்டும் என்றுதான் பழனியப்பன் இதைத் தொடங்கியிருந்தார். சயாமுக்கு ஆள் பிடிக்கத் தொடங்கியதும், சுரங்க வேலைக்காரனைப் பிடிக்க மாட்டார்கள் என்பதால், முத்திரை குத்திய அந்தச் சீட்டே அவர்கள் உயிரைப் பிடித்து வைத்தது. மாதம் இரண்டு மூட்டை போகவில்லையென்றால் சீட்டு இல்லை. நாங்கள் எழுதிய மனு போயிருந்தாலும் சீட்டு இல்லை.

"இது எங்க ஈயம்" என்றார் பாய்.

"ஆமா பாய்."

"என் கடை போச்சு. எனக்கு இதுதான் மிச்சம்."

"தெரியும் பாய்."

"எங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"எப்படிக் கேக்குறது? உங்க கூட்டத்துலயே ஒருத்தர் மச்சான் ஜப்பான் போலீசுக்குத் துபாசி. இங்க பேசுனா ராத்திரிக்குள்ள அங்க தெரியும்லா."

அது உண்மை. பாய் இடுப்பு வாரிலிருந்து மனுவை எடுத்து நாலாகக் கிழித்துக் குளத்தில் போட்டார். மை கரைந்து காகிதம் வெளுக்கும்வரை நின்று பார்த்தார். சைக்கிளில் ஏறும்போது, "நீங்க திருடன்தான் மேனேஜர். அதுல மாத்தமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த விடுமுறை நாளில் திரும்பவும் வந்தார். பழைய சாக்குகளிலிருந்து பொறுமையாகப் பிரித்தெடுத்த சணல் ஒரு கண்டு கையில் இருந்தது. மணல் மூட்டைகளின் வாயைப் பிரித்து, அன்னாசி நூலை உருவிப் போட்டுவிட்டு, சணலில் பழைய தையல் மாதிரியே தைத்தார். "கன்னையா வந்து பாத்தாலும் பாப்பாரு. அவருக்கும் கண்ணு இருக்கு" என்றாராம். மூன்று விடுமுறை நாட்கள் அந்தக் கொட்டகைக்குள் உட்கார்ந்து முப்பது மூட்டை தைத்தார். வாழ்நாள் முழுதும் பிறர் ஒளித்ததைக் கண்டுபிடித்தே பழகிய விரல்கள் அவை.

இதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும்? எங்களுக்குத் தெரிந்தது வேறு. பாய் நாலு தரம் சுங்கை வே போய் வந்தார். ஒரு தரம் சைக்கிள் பின்னால் ஒரு சாக்கு இருந்தது. நல்லம்மாள் கொடுத்தனுப்பிய கிழங்கு என்று இப்போது தெரிகிறது. கூட்டத்துக்கு வந்தவர், "மனு வேணாம். விட்டுருங்க" என்று மட்டும் சொன்னார்.

"ஏன் பாய்? என்ன பாத்தீங்க?" என்றேன்.

"எழுபது மூட்ட இருக்கு."

"மனு எங்க?"

"நான் தின்னுட்டேன்னு வச்சுக்கங்க."

அத்தோடு எழுந்து போய்விட்டார். அன்று முதல் எங்கள் சந்தேகம் மேனேஜரை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பியது. எத்தனை மூட்டை அரிசிக்கு மசிந்தார் என்று ஆளுக்கு ஒரு கணக்குச் சொன்னோம். அவரைப் பிடிக்காதவர்கள் மட்டும் பேசினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நானும் பேசினேன்.

செப்டம்பரில் நோன்பு மாதம் பிறந்தது. வருஷா வருஷம் அந்த மாதத்தில் பாய் வீட்டிலிருந்து எங்கள் வரிசை வீடுகளுக்கெல்லாம் நோன்புக் கஞ்சி வரும். அந்த வருஷம் வராது என்று நினைத்தோம். வந்தது. மூடியைத் திறந்தால், கிழங்குத் துண்டுகளுக்கு நடுவே அரிசி. முழு அரிசி! நானும் என் மனைவியும் அதை ஒரு சொட்டு விடாமல் குடித்தோம். குடித்து முடித்ததும் நான் சொன்னேன்: "அரிசி எங்கேருந்து வந்துச்சு?"

வரிசை முழுக்க அன்று அதே கேள்விதான். வயிற்றில் அவர் கஞ்சி, வாயில் அவர் மேல் பழி.

அரிசி எங்கிருந்து வந்தது என்று அவர் மனைவி சௌதா நெடுநாள் கழித்து என் மனைவியிடம் சொன்னாள். ஆறு மாதமாக ரேஷன் அரிசியில் தினம் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, இரண்டு பேரும் கிழங்கையே சாப்பிட்டார்கள். ஊருக்குக் கொடுக்கிற கஞ்சியை நிறுத்தக் கூடாது என்பது பாயின் பிடிவாதம். கஞ்சி வந்த மறுநாள் அந்த வீட்டில் மீதியிருந்த அரிசி ஒரு பால் டின் அளவு. அதை என் கண்ணால் பார்த்தேன். எப்படிப் பார்த்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

இந்த வருஷம் மார்ச்சில் கடைசி மூட்டை நல்ல ஈயமும் லோரியில் போயிற்று. பிறகு ஐந்து மாதம் அந்த ஆட்கள் லாலான் புல் காட்டில் ஒளிந்து பிழைத்தார்கள். இருபத்தாறு பேரும் இன்று உயிரோடு இருக்கிறார்கள். கம்பெனி இல்லை. பங்குப் பத்திரத்தை என் மனைவி அலமாரித் தட்டில் விரித்திருக்கிறாள். போன வாரம் பாயின் பலகைக்கு முன்னால் நின்று, இன்னமும் மேனேஜர் மேல் கோபமா என்று கேட்டேன்.

"கோவம் என்ன கோவம். திருட்டு திருட்டுதான். நம்ம பொருள கேக்காம எடுத்தாரு."

"கேட்டிருந்தா குடுத்திருப்பமா பாய்?"

ஒரு கைலியின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே யோசித்தார்.

"குடுத்திருக்க மாட்டோம். அது வேற விசயம்" என்றார்.

நாற்பத்து மூன்றில் நான் கஞ்சி குடித்த மறுநாள் சாயங்காலம் நடந்ததைச் சொல்கிறேன். நோன்பு திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கன்னையா முன்னால் நடக்க, நாங்கள் நாலு பேர் பின்னால் போனோம். பாய் வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்து பழைய சட்டை ஒன்றுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். உதடு வெளுத்து வறண்டிருந்தது. எழுந்து, "வாங்க" என்றார்.

"தப்பா நெனைக்காதீங்க பாய்" என்றார் கன்னையா. "அடுத்தவன் கொட்டகையத் தொறந்து காட்டச் சொன்னவரு நீங்க. இப்ப உங்க வீட்ட நாங்க பாக்கணும். மேனேஜர் குடுத்த மூட்ட இல்லேன்னா இல்லேன்னு போயிருவோம்லா."

பாய் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். ஜப்பான் போலீசுக்கு மொழிபெயர்க்கும் துபாசியின் மைத்துனர் என் பக்கத்தில்தான் நின்றார். அவர் மேல் பாயின் பார்வை கொஞ்சம் நின்றது. அப்போது எனக்கு அது விளங்கவில்லை. சுங்கை வேயில் கண்டதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நாங்கள் அத்தனை பேரும் அவர் காலில் விழுந்திருப்போம். மறுநாளே சுங்கை வேக்கு ஆள் பிடிக்கிற லோரியும் போயிருக்கும்.

முன்கூடத்துக்கும் உள்வீட்டுக்கும் நடுவே ஒரு நீலத் திரைச்சீலை தொங்கும். பன்னிரண்டு வருஷம் அடுத்தடுத்துக் குடியிருக்கிறோம். எங்களில் எந்த ஆணும் அதைத் தாண்டியதில்லை. கஞ்சிப் பாத்திரத்தை நீட்டும் கையைத் தவிர சௌதாவை நான் பார்த்ததும் இல்லை. கன்னையா அந்தச் சீலையைப் பார்த்ததும் தயங்கினார். இதோடு திரும்பிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் நானும் அங்கேயே நின்றேன்.

"சௌதா, கொல்லப் பக்கம் போ" என்று பாய் உள்ளே பார்த்துச் சொன்னார்.

"எதுக்குங்க? அடுப்புல கஞ்சி இருக்கு."

"இருக்கட்டும். போ."

பின்கதவு திறந்து சாத்துகிற சத்தம் கேட்கும்வரை காத்திருந்தார். கையிலிருந்த சட்டையையும் ஊசியையும் பெஞ்சில் வைத்தார். பிறகு அவரே அந்தத் திரைச்சீலையின் ஓரத்தைப் பிடித்து, நாங்கள் தலை குனியாமல் நுழையும்படி உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.